கட்டிலுக்கு அடியில் ஒரு தேசாதிபதி

நான் தேசாதிபதியாக இருந்தது மொத்தம் நாற்பது நிமிடம். எழுபத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், சிட்னியின் மேற்குப் பக்கத்துத் தேவாலய மண்டபம் ஒன்றில். நாடகத்தை எழுதியவன் நான், பழக்கியவன் நான், தேசாதிபதி வேடம் கட்டியவனும் நான். இவ்வளவு அதிகாரத்தையும் ஒருவனே வைத்திருந்தால் கலகம் வராமல் என்ன செய்யும் என்று இப்போது நீங்கள் கேட்கலாம். அன்று யாராவது கேட்டிருந்தால் மண்டபத்தை விட்டே வெளியேற்றியிருப்பேன்.

இலங்கையில் நான் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞனாக இருந்தவன். ஒரு கடிதம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் முடிய வேண்டும், யாருடைய கையெழுத்துக்கு மேலே யாருடைய கையெழுத்து வர வேண்டும் என்பதெல்லாம் எனக்கு வேதம். சிட்னியில் ரயில்வே பார்சல் பகுதியில் வேலை கிடைத்தது. அங்கே வேதத்துக்கு வேலையில்லை. பெட்டிகளில் சீட்டு ஒட்டத் தெரிந்தால் போதும். அந்த மனக்குறைக்கு மருந்தாகச் சனிக்கிழமைகளில் டூங்கபியில் ரயிலேறி நகரத்துப் பெரிய நூல்நிலையத்துக்குப் போவேன். அங்கேதான் அந்த மனிதரைக் கண்டேன். அவர் செத்து நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாகியிருந்தது.

அவர் இந்தக் குடியேற்ற நாட்டை இங்கிலாந்து அரசர் பேரில் ஆண்ட ஆரம்பகாலத் தேசாதிபதிகளில் ஒருவர். கடற்படைக் கப்டன், வாய் பொல்லாதவர். முன்பொருமுறை அவருடைய கப்பலிலேயே மாலுமிகள் கலகம் செய்து அவரைப் படகில் இறக்கி நடுக்கடலில் விட்டிருந்தார்கள். அதிலும் பிழைத்துக் கரை சேர்ந்தவர். சாராயத்தைக் காசாக்கி ஊரையே வாங்கி விற்றுக்கொண்டிருந்த படை அதிகாரிகளை அடக்கத்தான் அரசர் அவரை இங்கே அனுப்பினார். அவர் அடக்கப் போனார். வேலியே பயிரை மேய்ந்தது. அவரைக் காக்க வேண்டிய படை, ஒரு ஜனவரி மாலையில், பாண்டு வாத்தியம் முழங்க மாளிகைக்கு அணிவகுத்துப் போய் அவரைக் கைது செய்தது. வாசலில் எதிர்த்து நின்றது அவருடைய மகள் ஒருத்திதான். கணவனைப் பறிகொடுத்துச் சில வாரங்களே ஆன பெண். அவள் கையில் இருந்த ஆயுதம் ஒரு குடை.

கைது செய்ததோடு விட்டிருக்கலாம். விடவில்லை. தேசாதிபதி கட்டிலுக்கு அடியில் ஒளித்திருந்தார், நாங்கள் இழுத்தெடுத்தோம் என்று கதை கட்டினார்கள். அதைப் படமாகவும் வரைவித்து ஊருக்குக் காட்டினார்கள். அந்தப் படத்தின் பிரதியை நூல்நிலையத்தில் பார்த்தேன். நீலக் கோட்டும் தங்கப் பொத்தானும் போட்ட பெரிய மனிதர் கட்டிலின் அடியிலிருந்து வெளியே வருகிறார். சிவப்புக் கோட்டுக்காரன் ஒருவன் பிடித்து இழுக்கிறான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

தேசாதிபதியின் மறுப்பையும் தேடி வாசித்தேன். அவர் ஒளிக்கவில்லையாம். முக்கியமான கடதாசிகளைப் பின்னறையில் ஒதுக்கிக்கொண்டு, தமக்கு விசுவாசமான ஆற்றங்கரைக் குடியானவர்களிடம் தப்பிப் போக வழி பார்த்தாராம். நான் அதை அப்படியே நம்பினேன். ஏனென்றால் பின்னறையில் கடதாசி ஒதுக்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

ஐம்பத்தெட்டில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தின்போது இலங்கையின் தெற்கே ஒரு சிறு நகரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கும் ஒரு கூட்டம் வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி அந்தப் பக்கத்திலேயே வளர்ந்தவள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. முன்வேலிப் படலையடியில் நின்று, வீட்டில் ஒருவரும் இல்லை, அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று குரல் நடுங்காமல் சொல்லி அவர்களை அனுப்பிவிட்டாள். நான் அந்த நேரம் பின்னறையில் காணி உறுதிப் பத்திரங்களையும் சான்றிதழ்களையும் எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தேன். இதை நான் பலருக்கும் பலமுறை சொல்லியிருக்கிறேன். பிறகு பிறந்த என் மகளுக்கு இது சோறு ஊட்டும்போது சொன்ன கதை.

அந்த ஆண்டு தமிழ்ச் சங்கத்தின் ஆண்டிறுதி விழாவுக்கு நாடகம் வேண்டும் என்றார்கள். அப்போது சிட்னித் தமிழர் எல்லோரையும் ஒரு மண்டபத்துக்குள் அடைத்துவிடலாம். நான் மூன்று கிழமையில் எழுதி முடித்தேன். கட்டில் மேடையிலும் வரக்கூடாது, வசனத்திலும் வரக்கூடாது என்பது முதல் விதி. கடைசிக் காட்சியில் தேசாதிபதி மேசையருகே நிமிர்ந்து நிற்பார். கைதுக் கட்டளையை வாசித்த மேஜரைப் பார்த்து, 'என் உடலை நீ சிறைப்பிடிக்கலாம், என் பதவி அரசருடையது, அதை உன் கை தீண்டாது' என்று தொடங்கி இரண்டு பக்கம் பேசுவார். அந்த இரண்டு பக்கத்துக்காகத்தான் நாடகமே.

கையெழுத்துப் பிரதியை வாசித்துவிட்டு மனைவி கேட்டாள்.

"வெள்ளைக்காரத் துரைக்கு எங்கட சனம் கை தட்டுமே?"

"நீதிக்குத் தட்டும்," என்றேன்.

எவ்வளவு பெரிய விசரன் நான்! எங்கள் நாடகங்களில் வெள்ளைக்காரத் துரை வந்தால் அவன் தோற்பதற்காகத்தான் வருவான். கலகக்காரனுக்குத்தான் மீசை, வீரவசனம், கைதட்டல் எல்லாம். சின்ன வயதிலிருந்து அதையே பார்த்து வளர்ந்த சனத்தின் முன்னால், துரையை நாயகனாக்கி, கலகக்காரரைச் சாராய வியாபாரிகளாக்கிக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஊரில் ஒரு வருடம் நாடகம் பார்த்தவனுக்குத் தெரிவது கூட எனக்குத் தெரியவில்லை.

கலகத்தின் தலைவனான மேஜர் வேடத்தை என் நண்பனுக்குக் கொடுத்தேன். என்னைவிட ஏழு வயது இளையவன். சிட்னிக்கு வந்து முதல் ஐந்து மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்து, என் மனைவியின் கையால் சாப்பிட்டவன். பிறகு இரண்டு தெரு தள்ளி வீடெடுத்தான். தொழிற்சாலையில் வேலை, தொழிற்சங்கத்தில் வாய். இன்னும் மூன்று பேர் படைவீரர்கள். தேசாதிபதியின் மகளாக என் மகள், வயது பன்னிரண்டு. தமிழ் எழுத்து ஒழுங்காக வராததால் தன் மூன்று வசனத்தையும் இங்கிலிஷ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினாள். குடையைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தாள்.

உடுப்பெல்லாம் மனைவியின் தையல். பழைய திரைச்சீலையில் நாலு சிவப்புச் சட்டை. எனக்கு மட்டும் புதுத் துணியில் நீலக் கோட்டு. அதற்கு நங்கூரம் பொறித்த தங்க நிறப் பொத்தான் பன்னிரண்டு பரமட்டாவில் கடை கடையாக ஏறி வாங்கி வந்தேன். விழாவுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் தைத்து முடித்தாள். பார்த்தால் கோட்டில் எட்டுத்தான் இருந்தது.

"மிச்சம் நாலும் எங்கயோ விழுந்து துலைஞ்சு போச்சு," என்றாள் மனைவி.

எட்டே போதும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கு முன்பே, நாடகத்துக்கு இரண்டரைக் கிழமை இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, அந்தச் செய்தி வந்தது. மகாராணியின் பிரதிநிதியாகக் கன்பராவில் இருந்த மகாதேசாதிபதி, சனம் தெரிந்தெடுத்த பிரதமரை ஒரு கடிதத்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பார்சல் பகுதியில் பெட்டிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஆட்கள் தெருவில் இறங்கினார்கள். பின்னேரம் நண்பன் எங்கள் வீட்டுக்குள் புயலாக வந்தான்.

"கேட்டியளே அண்ணை? ஒரு கடிதம்! ஒரே ஒரு கடிதம்! எங்கள இந்த நாட்டுக்குள்ள விட்ட பிரதமர் அண்ணை அது. தோல் நிறம் பாக்கிற சட்டத்தத் துடைச்செறிஞ்ச மனிசன்."

"சட்டத்தில அதுக்கு இடமிருக்குத் தம்பி. அரச அதிகாரம் எண்டு ஒண்டு..."

"மகாராணிக்கு உங்களத் தெரியுமே அண்ணை?"

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் குரலைத் தணித்து, நாடகத்தின் முடிவை மாற்றுவோம் என்றான். அந்தக் கட்டில் கதையை வைப்போம்; இந்த நேரத்தில் ஒரு தேசாதிபதியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தால் சனம் எழும்பி நின்று கை தட்டும் என்றான்.

"அது பொய்," என்றேன். "கலகக்காரர் கட்டின கதை. என்ர நாடகத்தில தேசாதிபதி கட்டிலுக்குக் கீழ போகார். நான் உயிரோட இருக்கிற வரைக்கும் போகார்."

நான் மேசையில் அடித்துவிட்டேன் போலிருக்கிறது. குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். நண்பன் சிரித்தான்.

"சரி அண்ணை. நீங்கள் சொன்னாச் சரி."

கச்சேரியில் பதினைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். இவ்வளவு சுலபமாக ஒருவன் ஒத்துக்கொண்டால் அடுத்த மேசையில் வேறு கோப்பு ஓடுகிறது என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவன் என் வீட்டுச் சோறு தின்றவன் என்ற நம்பிக்கை கண்ணை மறைத்தது.

சனிக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் இரண்டு காட்சியும் அமைதியாகப் போயின. அமைதியை மரியாதை என்று நினைத்தேன். மூன்றாம் காட்சிக்கு விளக்கை அணைத்தார்கள். நான் இருட்டில் மேசையருகே போய், கையில் கடதாசிக் கட்டோடு சபையைப் பார்த்து நின்றேன். விளக்கு வந்ததும் முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டில் வந்திருந்தது, வெள்ளை விரிப்புத் தரைவரை தொங்க. எனக்கு முதுகில் கண் இல்லை.

மேடையின் ஓரத்தில் என் மகள் குடையை நீட்டி, தன் மூன்று வசனத்தையும் பிழையில்லாமல் சொன்னாள். சிவப்புச் சட்டைகள் அவளைத் தாண்டி உள்ளே வந்தன. நண்பன் என்னிடம் வந்து கட்டளையை வாசிக்க வேண்டும். அவன் என்னைப் பார்க்கவேயில்லை.

"தேடுங்கோடா தேசாதிபதிய!" என்று கத்தினான்.

தேடினார்கள். மேசைக்குக் கீழே பார்த்தார்கள். என் தொப்பியைத் தூக்கி அதற்குள்ளும் பார்த்துவிட்டுத் திரும்ப என் தலையில் வைத்தார்கள். தூணைச் சுற்றிப் போவதுபோல என்னைச் சுற்றிப் போனார்கள். "நான் இங்கே நிற்கிறேன், மேஜர்," என்றேன். அதற்குத்தான் அன்றைய பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், கட்டிலின் விரிப்பை விலக்கி, ஒருவன் அடியிலிருந்து ஒரு பொம்மையைக் காலில் பிடித்து இழுத்தான். தலையணையில் செய்த உடம்பு, அட்டைத் தொப்பி, நீலக் கோட்டு. நண்பன் அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, சனம் தெரிந்தெடுத்தவனை வீட்டுக்கு அனுப்புகிற துரைமாருக்குச் சனம் கொடுக்கிற கடிதம் இது என்று ஒரு கடதாசியை அதன் மார்பில் குத்தினான். மண்டபம் எழும்பி நின்றது.

நான் என் இரண்டு பக்கத்தையும் பேசத் தொடங்கினேன். வேறு என்ன செய்வது? என் உதடு அசைந்ததை மட்டும் சிலர் பார்த்திருப்பார்கள். அப்போதுதான் என் மகள் ஓடி வந்தாள். குடையால் நண்பனின் முதுகில் ஓங்கி அடித்தாள், குடைக்கம்பி முறிய முறிய அடித்தாள்.

"ஹீ வோஸ் நொட் ஹைடிங்! அவர் ஒளிக்கேல்ல! ஹீ வோஸ் டூயிங் த பேப்பர்ஸ்!"

அவளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதுவும் நாடகம் என்று நினைத்து அதற்கும் கை தட்டினார்கள். மாற்றிய முடிவு, நடித்த ஆண்கள் ஐந்து பேரில் என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்னைப்போல அவளுக்கும் சொல்லியிருக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற படை அவ்வளவுதான்.

பிறகு தேநீர் நேரத்தில் ஒவ்வொருவராக வந்து என் கையைக் குலுக்கினார்கள். தனக்கு முதலே தெரியும் என்றார் ஒருவர். கட்டில் தன்னுடையது என்றார் இன்னொருவர். விளக்கை அணைத்த மனிதர், அந்த யோசனையே தன்னுடையதுதான் என்றார். அந்தப் பழைய தேசாதிபதியைக் கைது செய்யும்படி ஊரார் கொடுத்த மனுவிலும் பெரும்பாலான கையெழுத்துகள் கைதுக்குப் பிறகுதான் சேர்ந்தன என்று வாசித்திருந்தேன். வெற்றிக்குப் பின்னால் கையெழுத்து வைக்க எந்தக் காலத்திலும் ஆள் உண்டு.

நண்பன் முதுகைத் தடவிக்கொண்டு வந்தான்.

"பகிடிதானே அண்ணை. குறை நினையாதேங்கோ."

"என்ர வீட்டுச் சோறு செமிச்சிட்டுதே தம்பி?" என்று கேட்டேன்.

அவன் முகம் கறுத்தது. அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ள ஆறு வருடம் எடுத்தது. ஆனால் அப்போது அவன் கையில் இருந்த பொம்மையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் கோட்டில் நாலு பொத்தான் இருந்தது. தங்க நிறம். நங்கூரம் பொறித்தது. பொம்மையை அவனிடமிருந்து வாங்கிக் காரின் பின்பக்கத்தில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பொம்மையைக் கொண்டுபோய்க் குசினிக் கதிரையில் இருத்தினேன். மனைவி சம்பலுக்குப் பைக்கற்றுத் தேங்காய்ப்பூவை வெந்நீரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். பொம்மையைப் பார்த்தாள், வேலையை நிறுத்தவில்லை.

"இந்த நாலும் துலைஞ்சது எண்டீர்."

"ஓம்."

"அவன் கேட்டு வாங்கினவனோ?"

"அவன் துணிதான் கேட்டவன். பொத்தான நானாத்தான் தைச்சனான்."

இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அவன் ஏமாற்றி வாங்கினான், எதற்கென்று தெரியாமல் கொடுத்தேன் என்று அவள் சொல்லுவாள், நானும் நம்புவேன் என்று இரவு முழுக்க எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன்.

"ஏன்?" என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"பதினேழு வருசமாக் கடதாசிக் கதை கேக்கிறன். வாற சனம் போற சனம் எல்லாத்துக்கும் சொன்னியள். சரி, வெக்கத்தில சொல்லுறார், சொல்லிட்டுப் போகட்டும் எண்டு இருந்தனான். இப்ப நாடகமும் எழுதிப் போட்டியள். வாசல்ல குடையோட நிண்ட அந்தப் பிள்ளைக்கு எத்தின வசனம் எழுதினியள்?"

"மூண்டு."

"உங்களுக்கு?"

இரண்டு பக்கம். அதை வாசித்தவள் அவள்.

"அண்டைக்குப் படலையடியில நிண்டது நான். குரல் நடுங்கேல்ல எண்டு எல்லாருக்கும் சொல்லுவியள். என்ர கால் நடுங்கினதச் சொல்ல மாட்டியள். உங்களுக்கு அது தெரியும். கட்டிலுக்குக் கீழ கிடந்து பாத்தாக் கால் மட்டும்தானே தெரியும்."

தெரிந்தது. திறந்திருந்த முன்கதவுக்கு ஊடாக அவளுடைய கால் இரண்டும் தெரிந்தன. பாவாடை விளிம்பு ஆடிக்கொண்டிருந்தது. இப்போது எழுதியே விடுகிறேன். காணி உறுதிகள் எல்லாம் அலுமாரிக்குள் இருந்தன. நான் அவற்றைத் தொடவில்லை. கூட்டத்தின் சத்தம் தெருமுனையில் கேட்டவுடனேயே கட்டிலுக்கு அடியில் போய்விட்டேன். அவள் படலைக்குப் போனது நான் கேட்டு அல்ல; நான் தடுக்கவும் இல்லை. அவர்கள் போய்ச் சத்தம் அடங்கிய பிறகு அவளே வந்து குனிந்து, 'போட்டினம், வாங்கோ' என்றாள். அதற்குப் பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமை வரை அதைப் பற்றி ஒரு சொல் அவள் சொன்னதில்லை.

உண்மை அவள் பக்கம்தான். அது தெரிந்தும் எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. இந்தக் குசினிக்குள் வைத்து என்னை என்னவும் சொல்லியிருக்கலாம். கூட இருந்தவள், இரகசியமாக ஊசியில் நூல் கோத்து, அத்தனை சனத்தின் முன்னால் என்னைக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். சிரித்தவர்களுக்கு அது யாரென்று தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதுதான் பொறுக்க முடியவில்லை.

"நீர் செய்தது துரோகம்," என்றேன்.

"ஓம்," என்றாள். "நீங்கள் செய்ததுக்கு என்ன பேர்?"

அப்போது மகள் குசினி வாசலில் நிற்பதைக் கண்டோம். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. கையில் அந்த முறிந்த குடை. கதிரையில் இருந்த பொம்மையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த ரயட்... கலவர நேரம்... நீங்க பேப்பர்ஸ் தானே எடுத்தனீங்க?"

வாயைத் திறந்தேன். ஓம் என்பதும் வரவில்லை, இல்லை என்பதும் வரவில்லை. பொம்மையின் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா?"

மனைவி எனக்கும் மகளுக்கும் நடுவில் வந்து நின்றாள். பதினேழு வருடத்துக்கு முன்னால், வீட்டில் ஒருவரும் இல்லை என்று படலையடியில் சொன்ன அதே நடுங்காத குரலில் பதில் சொன்னாள்.

"ஓம் பிள்ள. அப்பா கடதாசிதான் எடுத்தவர்."